விழுவதற்கு ஒரு டிக்கெட்

வணக்கம், நேயர்களே. நான் அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் குரலைக் கேட்டதும் எங்காவது ஒரு பழைய மாணவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், தளர்ந்தே உட்காரலாம். இன்று டிரில் எதுவும் கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகளோடு குதிக்கப் போய்வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்னையில் என் மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, டிராம்போலின் பார்க் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கிடங்கு. உள்ளே போனால் ஏசிக் குளிர், காதைத் துளைக்கும் பாட்டு, அறுபது எழுபது குழந்தைகளின் கூச்சல். தரை முழுக்கச் சதுரம் சதுரமாக, குதித்தால் மேலே தூக்கிவிடும் கறுப்பு விரிப்புகள், இவைதான் டிராம்போலின். ஓரத்துச் சுவர்களில்கூடச் சாய்வாக அதே விரிப்புகள். ஒரு பக்கம் ஸ்பாஞ்சுக் கட்டைகளைக் கொட்டி நிரப்பிய பள்ளம். கடைசியில் கூரையைத் தொடும் ஏறு சுவர், அதில் பல வண்ணங்களில் கைப்பிடிகள்.

தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய். சாக்ஸ் தனி. அடிப்பாகத்தில் ரப்பர் புள்ளிகள் வைத்த சாக்ஸ், ஜோடி 80 ரூபாய். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது செல்லாதாம். "இது பகல் கொள்ளை" என்று நான் முணுமுணுத்தேன். "விடுங்கள் மாமா" என்று மருமகன் ஐந்து ஜோடி வாங்கிவிட்டார். என் மனைவி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிற்றுண்டிக் கடைப் பக்கம் ஒரு நாற்காலியைப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே விடுவதற்கு முன் ஒரு படிவம். கைபேசியில் வருகிறது, கீழே ஒரு கட்டத்தைத் தொட்டால் கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. எல்லாரும் படிக்காமல் தொட்டார்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தேன். பின்னால் நின்ற வரிசை என்னை நன்றாகவே சபித்திருக்கும். எலும்பு முறிந்தால், கழுத்து பிசகினால், அதற்கும் மேல் ஏதாவது ஆனால், யாரும் பொறுப்பில்லை என்று விவரமாக எழுதியிருந்தது. சுவரில் ஒரு தொலைக்காட்சியில் பாதுகாப்பு விதிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. பார்க்கின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மற்ற இடங்களில் இதைவிட மேலாக நடக்கிறது என்று உறுதி சொல்ல நான் எல்லாவற்றையும் பார்த்தவனும் இல்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. எப்படி விழ வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. யோசித்துப் பாருங்கள், குதிப்பதற்கு வீட்டு மொட்டைமாடி போதும். காசு கொடுத்து வாங்குவது, விழுந்தால் வலிக்காத ஓர் இடத்தை.

டிராம்போலின் பிறந்ததே விழுவதிலிருந்துதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஜார்ஜ் நிஸன் என்று ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். சிறுவனாக சர்க்கஸ் பார்க்கப் போனபோது, அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியிருந்த வலையில் விழுவதையும், வலை அவர்களை மறுபடி மேலே தூக்கிவிடுவதையும் கவனித்தார். மற்றவர்கள் ஊஞ்சலைப் பார்த்தார்கள், இவர் வலையைப் பார்த்தார். தன் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து, 1934-இல், இரும்புச் சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டி இன்றைய டிராம்போலினுக்கு முன்னோடியைச் செய்தார். ஸ்பானிய மொழியில் நீச்சல் குளத்தில் பாய்வதற்கான பலகைக்கு 'டிராம்போலின்' என்று பெயர், அதையே வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்கு இதில் பயிற்சி கொடுத்தார்கள். தலைகீழாகச் சுழலும்போதும் திசை தடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சி. 1960-இல் நிஸன் ஒரு கங்காருவை வாடகைக்குப் பிடித்து, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து குதித்துப் படம் எடுத்துக்கொண்டார். விளம்பரத்துக்காகத்தான். கங்காருவிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று தெரியவில்லை.

2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் டிராம்போலின் போட்டியாகச் சேர்ந்தது. நிஸன் அப்போது எண்பது வயதைத் தாண்டியவர். அங்கே போய் நேரில் பார்த்தார். ஆனால் இடையில் ஒரு கசப்பான காலமும் உண்டு. கழுத்திலும் தண்டுவடத்திலும் அடிபட்ட பிள்ளைகள் கூடிப்போனதால், பள்ளி உடற்கல்வியிலிருந்தே டிராம்போலினை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1977-இல் சொன்னது. என் பள்ளிகளில் அந்தக் கவலை எழவில்லை. என்னிடம் இருந்தவை ஒரு மணல் குழி, தேங்காய் நார் மெத்தை இரண்டு. அவற்றில் ஒன்றைத் தலைமையாசிரியர் தேர்தல் சமயத்தில் வாக்குச்சாவடிக்குக் கொடுத்துவிட்டார், திரும்பி வரவில்லை.

நார் மெத்தையில் உயரம் தாண்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கம்பியைத் தாண்டும்போதே மனம் இறங்குவதைப் பற்றித்தான் நினைக்கும். காலில்தான் இறங்கியாக வேண்டும், அதனால் காலை முன்னால் போட்டுத்தான் தாண்டுவோம். உலகமே வெகுகாலம் அப்படித்தான் தாண்டியது. இறங்கும் இடத்தில் தடித்த ஸ்பாஞ்சு மெத்தை வந்த பிறகு, டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் முதுகைக் கம்பிக்குக் காட்டித் தாண்டி, தோளில் விழுந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். இன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள். என் மணல் குழியில் ஒரு பையன் அதை முயன்றிருந்தால் முதுகெலும்பு மிஞ்சியிருக்காது.

'எங்கள் காலத்தில் கிணறு இருந்தது, வைக்கோல் போர் இருந்தது, இதற்கெல்லாம் காசா கொடுத்தோம்' என்று தொடங்குகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. என் வகுப்பில் ஒருவன் கிணற்றில் குதித்து, பம்புசெட் குழாயில் மோதி இரண்டு முன்பற்களை இழந்தான். இன்னொருவன் புளியமரத்திலிருந்து விழுந்தவன். கட்டுப் போட்டும் முழங்கை நேராகவே இல்லை. கபடியில் அவன் கை எதிராளியை எட்டாது. எட்டாத கையை வைத்துக்கொண்டே நன்றாக ஆடினான். அந்தக் காலத்தில் நாங்கள் விழக் கற்றுக்கொண்டோம் என்பது உண்மைதான். கட்டணத்தை வேறு விதமாகக் கட்டினோம்.

பார்க்குக்குத் திரும்புகிறேன். பேரனுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. ஆறு வயதுக்குக் கீழே என்றால் நானே கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன். அந்த வயதில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு இந்த அதிர்ச்சிக்கு எளிதில் விரிசல் விடும். இறங்கியதும் அவன் நடுவில் ஒரு சதுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகக் குதித்துக்கொண்டிருந்தான். அப்போது கல்லூரி மாணவர் போலிருந்த ஒருவர், நல்ல உடற்கட்டு, ஓடிவந்து அதே சதுரத்தில் குதித்தார். அவர் இறங்கியதும் விரிப்பு கீழே போனது. அது மேலே வரும் நேரம் பார்த்து என் பேரன் அதில் காலை வைத்தான். பந்து போலப் பறந்தான். பக்கவாட்டில் விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். கொஞ்சம் ரத்தம்.

இதில் விளையாட்டுக்காரர்கள் அறிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. விரிப்புத் துணி தானாக அதிகம் நீளாது. சுற்றிலும் மறைத்து வைத்திருக்கும் ஸ்பிரிங்குகள்தான் இழுபட்டுச் சுருங்குகின்றன. 75 கிலோ ஆள் அழுத்தி வைத்த விசையை, 20 கிலோ பிள்ளை வாங்கிக்கொண்டால் அவன் எங்கே போய் விழுவான்? டிராம்போலின் காயங்களில் முக்கால் பங்கு, ஒரே விரிப்பில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது ஏற்படுகின்றன என்று அதே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் சிறியவர்தான்.

மேற்பார்வைக்கு நின்ற பையன் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குள் 33 ஆண்டுகள் விழித்துக்கொண்டன. "ஒருவருக்கு ஒரு சதுரம்!" என்று ஒரு குரல் கொடுத்தேன். பாட்டை மீறிக் கேட்டது. மொத்தக் கூடமும் நின்றது. பெரியவர்கள் உட்பட, ஆளுக்கொரு சதுரத்தில் போய் நின்றுகொண்டார்கள். இரண்டு பேர் அட்டென்ஷனில் நின்றார்கள். என் மகள், "அப்பா, போதும்" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கல்லூரி மாணவர் வந்து மன்னிப்புக் கேட்டார், நல்ல பிள்ளை. பிறகு ஓர் ஓரமாக அவருக்கும் பேரனுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். நிலை தவறினால் கையை நீட்டி ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். கையை மார்போடு சேர்த்துக்கொண்டு உருள வேண்டும். ஸ்பாஞ்சுப் பள்ளத்தில் தலை முதலில் போகவே கூடாது. வகுப்பு முடிவதற்குள் கேட்க ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்குள் பேத்தி ஏறு சுவருக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. கட்டடத்துக்குள் இப்படிச் சுவர் ஏறும் வழக்கத்துக்கு வழிவகுத்தவர், இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர். 1964-இல் அங்கே ஒரு நடைவழிச் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்து மாணவர்களை ஏறவைத்தார். எங்கள் தொழில்காரர் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, முன்னால் ஒரு கொக்கி. அதிலிருந்து ஒரு நாடா மேலே பெட்டிக்குப் போகிறது. ஏற ஏற நாடா தானாகச் சுருண்டுகொள்ளும். கையை விட்டால் பெட்டி நிதானமாக இறக்கிவிடும். சில பெட்டிகளில் இது காந்தத்தால் நடக்கிறது. பழைய மின்சார மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுற்றுமே, அதன் ஓரத்தில் ஒரு காந்தம் அதன் வேகத்தை மட்டுப்படுத்திக்கொண்டே இருக்குமே, அதே வித்தை. வேகம் கூடினால் பிடியும் கூடும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். என் பேத்தி அதில் பாதி உயரத்தை நான்கு நிமிடத்தில் ஏறினாள். உச்சியில் இருந்த மணியையும் அடித்தாள். பிறகு அசையவில்லை.

"கையை விடு, அது இறக்கிவிடும்" என்றான் கீழே நின்ற பையன். "கீழே பார்க்காதே" என்றாள் என் மகள். "குதி" என்றார் மருமகன். மூவரும் ஒரே நேரத்தில். அவள் சுவரோடு பல்லி போல ஒட்டிக்கொண்டு, "தாத்தா, விரல் விட மாட்டேன் என்கிறது" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். கயிறு ஏற, கம்பியில் தொங்க, எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விடச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மற்ற மூவரையும் கையமர்த்திவிட்டு, "என்னைப் பார்" என்றேன். பார்த்தாள். கீழே பார்க்காதே என்பது தவறான யோசனை. இறங்கும் இடத்தைப் பார்க்காமல் யார் இறங்குவார்கள்? "குதிக்க வேண்டாம். பாட்டி அங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறார், அதைப் போல உட்கார். பின்னால் நாற்காலி இருக்கிறது" என்றேன். அவள் பாட்டியைத் தேடிப் பார்த்தாள். பாட்டி கைப்பையை விட்டு எழுந்து நின்றுவிட்டிருந்தார். "நீ உட்கார், உட்கார்!" என்று நான் கத்த, என் மனைவி தொப்பென்று உட்கார்ந்தார். அதே கணம் பேத்தியும் காற்றில் உட்கார்ந்தாள். நாடா இறுகியது. மிதந்து வந்து என் முன்னால் இறங்கினாள். கையை விட அவளுக்கு ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஏழு முறை ஏறினாள். என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் பேரன் என்னை இழுத்துக்கொண்டு போனான். ஓரத்துச் சதுரம் ஒன்றில், பாதம் விரிப்பைவிட்டு ஒரு சாண் எழும்பும் அளவுக்கு, நானும் குதித்தேன். 68 வயதில் மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றே ஒன்று: விழுந்துவிடாதீர்கள். குளியலறையில் விழாதீர்கள், படியில் விழாதீர்கள். இரண்டு ஆண்டுகளாக நான் தரையைப் பார்த்தே நடந்துகொண்டிருக்கிறேன் என்பது, தரை இளகிக் கொடுத்த அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே பின்பக்கம் ஊன்றி ஒருமுறை விழுந்தும் பார்த்தேன். தூக்கிவிட்டது. இறங்கிச் சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் உடம்பு ஏமாந்துபோனது. தரை கொஞ்சம் கீழே போகும் என்று கால் காத்திருக்கிறது, அது போகவில்லை. கார் வரை கால்கள் இரண்டும் கல்லாகக் கனத்தன.

சாக்ஸைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று விட்டுவிடப் பார்த்தேன். பகல் கொள்ளை என்று சொன்ன வாய் அல்லவா. எங்கள் வீட்டில் வழவழவென்ற மொசைக் தரை. விடியற்காலையில் எழுந்து பால் வாங்கப் போகும்போது, ரப்பர் புள்ளி வைத்த அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் கூடத்தைக் கடக்கிறேன். துளியும் வழுக்கவில்லை. மகள் தன் ஜோடியை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகப் போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், சமையலறையில் என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

வணக்கம்.