சிறு நிகழ்ச்சிக்குத் தனிக் கட்டுரை தேவையா?

நேயர்களுக்கு வணக்கம்.

வாரம் ஒருமுறை, இரவில் அரை மணி நேரம் ஒலித்து, நான்கைந்து ஆண்டுகளில் ஓசையின்றி நின்றுபோன ஒரு வானொலி நிகழ்ச்சியை எண்ணிக்கொள்ளுங்கள். அதை விரும்பிக் கேட்ட ஒருவர் விக்கிப்பீடியாவில் அதற்கென ஒரு கட்டுரையைத் தொடங்குகிறார். சில நாள்களில் வேறொருவர் அதை நீக்கிவிடலாமா என்று கேட்டு உரையாடலைத் தொடங்குகிறார். அந்த உரையாடலில் எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டே வானொலி நிகழ்ச்சிகளின் தகுதியை எடைபோடுவது சற்றுச் சங்கடமான வேலை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அச்சுக் கலைக்களஞ்சியங்களின் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தாளே விடை சொல்லிவிட்டது. 1768இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கிய பிரிட்டானிக்காவின் முதற்பதிப்பு மூன்றே தொகுதிகள். 2001இல் பிறந்த விக்கிப்பீடியாவுக்குத் தாள் தட்டுப்பாடு கிடையாது. ஆகவே, இடம்தான் இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் எழுதியதைச் சரிபார்க்கச் சான்று வேண்டும், அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இப்போதைய தட்டுப்பாடு இவ்விரண்டுக்கும்தான்.

அங்கே பயன்படும் அளவுகோலுக்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். நிகழ்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நிகழ்ச்சி நன்றாக இருந்ததா, நேயர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்களா என்பவை இதில் நேரடியாகக் கணக்கில் வருவதில்லை. தொகுப்பாளர் புகழ்பெற்றவர் என்பதும் போதாது. அவருடைய புகழ் அவர் நடத்திய எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தானாக வந்து சேர்ந்துவிடாது. நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி என்றால் எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எனினும் எதிர்பார்ப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது.

உரையாடல்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம், தொடர்பில்லாத வெளியீடு எது என்பதுதான். நிலையத்தின் இணையதளமும் அதன் செய்திக்குறிப்பும் தொடர்புடையவை என்பது எளிதில் விளங்கும். ஆனால் 1923 செப்டம்பரில் பிபிசி தொடங்கிய ரேடியோ டைம்ஸ் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிகழ்ச்சி எந்த நாளில், எத்தனை மணிக்கு ஒலித்தது என்பதை அறிய அதைவிட நல்ல பதிவு அரிது. அதன் பழைய பட்டியல்களை இன்று இணையத்திலும் தேடிப் பார்க்கலாம். ஆயினும் பல பத்தாண்டுகள் அந்த இதழை வெளியிட்டது ஒலிபரப்பிய நிறுவனமேதான். பட்டியலில் ஒரு வரி வருவதும் விரிவான எழுத்தாகாது. நிகழ்ச்சி இருந்தது என்பதற்கு அது சான்று. தனிக் கட்டுரைக்கு உரியது என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டைக் காணாமல் எழுந்த சச்சரவுகள் ஏராளம்.

கேட்டவர்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டதன் அளவும் ஒன்றல்ல என்பதற்கு 1938இல் அமெரிக்காவில் சிபிஎஸ் ஒலிபரப்பிய மெர்க்குரி தியேட்டர் நாடக வரிசை நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு விளம்பரதாரர் இல்லை, கேட்போரும் குறைவு. அதே நேரத்தில் வேறொரு அலைவரிசையில் பொம்மையைப் பேசவைக்கும் ஒரு கலைஞரின் நிகழ்ச்சிதான் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. வாயசைவே தெரியாத வானொலியில் அக்கலை எப்படிச் செல்லுபடியானது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1938 அக்டோபர் 30 அன்று, செவ்வாய்க் கோளிலிருந்து படையெடுப்பு நடப்பதாகச் செய்தி அறிக்கை வடிவில் மெர்க்குரி குழு ஒலிபரப்பிய நாடகத்தைப் பற்றி நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. அவ்வாண்டு இறுதிக்குள் விளம்பரதாரரும் வந்து சேர்ந்தார். மக்கள் பீதியில் ஓடினார்கள் என்ற அன்றைய செய்திகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மறுப்பும் கட்டுரைக்கான சான்றுகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த அளவுகோல் வானொலியிடம் சற்றுக் கடுமையாக நடந்துகொள்கிறது என்பது என் கருத்து. திரைப்படத்துக்கு விமர்சனம் வருகிறது, நூலுக்கு மதிப்புரை வருகிறது. காற்றோடு போகும் அரை மணி நேரப் பேச்சைப் பற்றி எழுத நாளிதழ்கள் இடம் ஒதுக்குவது அரிது, பழைய ஒலிநாடாக்களும் பலவிடங்களில் அழிக்கப்பட்டுவிட்டன. இருந்தும் அளவுகோலைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சான்றில்லாமல் எழுதத் தொடங்கினால், இரசிகரின் நினைவும் நிலையத்தின் தற்புகழ்ச்சியும் மட்டுமே கட்டுரையில் மிஞ்சும்.

ஆகவே அத்தகைய உரையாடல்களில் நான் முதலில் பழைய நாளிதழ்களையும், வானொலி வரலாறு பற்றிய நூல்களையும், ஆய்வேடுகளையும் தேடிப் பார்க்கிறேன். வேறு வேறு ஆசிரியர்கள் எழுதிய இரண்டு மூன்று விரிவான கட்டுரைகள் கிடைத்தால், நிகழ்ச்சி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வைத்திருக்கலாம் என்கிறேன். கிடைக்காவிட்டால், நீக்குவதைவிட, சரிபார்க்க முடிந்த நான்கு வரிகளை நிலையத்தைப் பற்றிய கட்டுரையிலோ தொகுப்பாளரைப் பற்றிய கட்டுரையிலோ சேர்த்துவிட்டு, பழைய தலைப்பை அங்கே செல்லும் வழிமாற்றாக விட்டுவைக்கப் பரிந்துரைக்கிறேன். கட்டுரையின் முந்தைய வடிவம் பக்க வரலாற்றில் அப்படியே இருக்கும். பின்னாளில் யாரேனும் அந்த நிகழ்ச்சியைப் பற்றி விரிவாக எழுதினால், அங்கிருந்து அதை மீட்டெடுத்து வளர்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.