பல்செட்டுக்குப் பணம் இல்லை

(தக்கலைப் பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நோட்டீசில் என் பேச்சுக்கு ‘போரும் பொருளாதாரமும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சங்கதி எனக்குத் தெரியாது. நான் பல்செட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் சட்டென்று வாயை மூடுவது தெரிகிறது. பயப்படாதீர்கள், இது இங்கிலாந்துக் கதை.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நொறுங்கி, அமெரிக்காவிடம் கடன் வாங்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த நாடு அது. அந்த நிலைமையிலும் 1948 ஜூலை 5 அன்று, எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று கதவைத் திறந்தது. சுகாதார மந்திரி அனைரின் பெவன், சிறுவயதிலேயே வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ஆஸ்பத்திரி மட்டுமல்ல, மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும்கூட இலவசம். அதற்குத்தான் கூட்டம் முண்டியடித்தது. பல் போன ஏழை அதுவரை ஈறால் மென்றுகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

மூன்று வருஷம் தாண்டவில்லை. 1950-இல் கொரியாவில் சண்டை மூண்டது. பிரிட்டன் மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண்டுக்கு ஆயுதம் சேர்ப்பதென்று முடிவு செய்தது. 1951 ஏப்ரலில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் பட்ஜெட் போட்டார்: பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் இனிப் பாதி விலையை நோயாளி கொடுக்க வேண்டும். அதில் அந்த ஆண்டு மிச்சமாவது 1.3 கோடி பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஆயுதத்துக்கு நூறு ரூபாய் என்றால், பல்செட்டில் பிடித்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

பெவன் மந்திரி பதவியை விட்டு வெளியேறினார். இவ்வளவு பணத்தையும் ஆயுதத்தில் கொட்ட நினைத்தாலும் கொட்ட முடியாது, கச்சாப்பொருளும் இயந்திரமும் கிடைக்காது என்றும் சொன்னார். அப்படித்தான் நடந்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த சர்ச்சிலே, திட்டம் குறித்த காலத்தில் முடியாது என்று சொல்லி வேகத்தைக் குறைத்தார். சர்ச்சிலைச் சண்டைக்கு அஞ்சியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். கூப்பிடு தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் கொளச்சலில், இந்தப் பக்கத்தை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படைக்காரர் டிலனாய், அப்புறம் அவருக்கே தளபதியாகி, 1777-இல் இறந்து, அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். கொளச்சல் வெற்றியை நாம் வருஷா வருஷம் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் தலக்குளத்துக்காரர், திருவிதாங்கூரின் தலைமை மந்திரியாக இருந்த வேலுத்தம்பி தளவாய் கதையில் பணம் வருகிற பகுதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. திருவிதாங்கூர் 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் பட்டாளம் பாதுகாப்புத் தரும், அதற்கு வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம். அதற்கு முந்தின வருஷம்தான், செலவைச் சுருக்குவதற்காகச் சொந்தப் படைக்காரர்களின் படியில் கைவைக்கப் போய்க் கலகம் வெடித்திருந்தது. சொந்தச் சிப்பாய்க்குக் கொடுக்கத் திணறிய கஜானா, வெளியூர்ச் சிப்பாய்க்கு 8 லட்சம் கட்ட வேண்டியதாயிற்று. பாக்கி ஏறியது, கம்பெனியின் பிரதிநிதியாக இங்கே இருந்த ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார். 1809 ஜனவரியில், கம்பெனிக்கு எதிராக எழுங்கள் என்று வேலுத்தம்பி மக்களை அழைத்த குண்டறை விளம்பரம். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தது. பாதுகாப்புக்கென்று காசு வாங்கிய கம்பெனியின் பட்டாளம்தான்!

அதே கஜானாதான், 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், குடிமக்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை கண்டது. உடனே பொற்காலம் வந்துவிடவில்லை. ஆளுக்கு இவ்வளவென்று தலைவரி கட்டிய ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க இன்னும் பல காலம் ஆயிற்று. ஆனாலும் நான் அந்த ஆணையைப் பெரிதாக நினைக்கிறேன். இந்த வாசகசாலை அலமாரிக்கு முன்னால் நின்று வேறெப்படி நினைப்பது?

சண்டை எங்கோ நடந்தாலும் நம் அடுப்படிக்கு வரும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அன்றைக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மட்டும் இல்லையென்றால் இங்கே பாதிப் பேர் உட்கார்ந்திருக்கமாட்டோம். ரேஷன் என்கிற ஏற்பாடே போர்க்காலப் பிள்ளை. அதை இன்றைக்குச் சிலர் ‘இலவசம்’ என்று இளக்காரமாகச் சொல்கிறார்கள்.

சரி, பட்டாளம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, காணாமல் போன மீனவர்களைத் தேடக் கப்பல் எங்கே, ஹெலிகாப்டர் எங்கே என்று கேட்டு டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயிலை மறித்தவர்கள் நம் கடற்கரை மக்கள். ராணுவச் செலவு முழுவதும் துப்பாக்கிக்கும் போவதில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6,81,210 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய கால் பங்கு பென்ஷன். எல்லையில் நின்றவனுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் கேட்பது வேறு. அதே பட்ஜெட்டில் முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய உதவித் திட்டத்துக்கு 9,652 கோடி. முந்தின ஆண்டும் அதே தொகை. 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இலும் 200, இப்போதும் 200. மாநில அரசு 2023-இல் மேலே 1,000 போட்டு 1,200 ஆக்கியதால் நம் பாட்டிமார் தப்பித்தார்கள். 200 ரூபாய்க்குக் கொளச்சலில் என்ன மீன் வாங்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கூட்டச் சொன்னால், பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். போர் விமானம் வாங்கும்போது அந்தக் கேள்வி கேட்டவன் தேசத்துரோகி ஆகிவிடுகிறான். இரண்டு ஜன்னலிலும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பேசி முடித்து இறங்கியபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அது கிடக்கட்டும் தம்பி. கொரியாச் சண்டை நின்ன பெறகு அந்தப் பல்செட்டுக் காசை எடுத்துட்டானா?”

சண்டை 1953-இல் நின்றது. இங்கிலாந்தில் பல்செட்டுக்கு இன்றும் காசு வாங்குகிறார்கள்.