தடமில்லாக் காட்டில் ஒரு கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். மலைக்காட்டில் நடப்பது என்றாலே மூச்சிரைக்கும் ஏற்றம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தடத்தை விட்டு விலகிய பிறகு ஏற்றம் பெரிதாகத் தெரிவதில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைச் செடிகொடிகளே தீர்மானிக்கின்றன. தாவரக் கணக்கெடுப்புக்காக வனத்துறையின் அனுமதியோடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதிகளில் அலைந்தவன் என்ற முறையில் அதைப் பற்றியே பேசுகிறேன்.

வெடிப்பலா போன்ற நெடுமரங்கள் வானத்தை மூடி நிற்கும் இடத்தில் வெயில் தரைக்கு எட்டுவதில்லை; கீழே செடிகள் குறைவாக இருப்பதால் ஓரளவு நிமிர்ந்தே நடக்கலாம். பெருமரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் இறங்கிய இடத்தில்தான் தொல்லை தொடங்கும். அங்கே ஈத்தை என்னும் நாணல் போன்ற மூங்கில் புதர் புதராக மண்டிக் கிடக்கும். அதனூடே பிரம்பு படர்ந்திருக்கும். பிரம்பிலிருந்து சாட்டை போல நீளும் மெல்லிய கொடியில் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள் வரிசையாக இருக்கின்றன. அது சட்டையில் மாட்டியதும் நாம் இயல்பாக முன்னே இழுப்போம். இழுக்க இழுக்க அது தோலுக்குள் இறங்கும். அரையடி பின்னே வந்து, ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினால்தான் விடுதலை. எங்களுக்குக் கிடைத்த அனுமதியில் செடிகளை வெட்ட இடமில்லை என்பதால், ஒரு நாள் காலை முதல் உச்சிப்பொழுது வரை முயன்றும் ஒரு கிலோமீட்டரைக்கூடக் கடக்க முடியவில்லை.

அட்டைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அவை பெரிய ஆபத்தில்லை. கடிவாயில் இரத்தம் உறையாமல் நெடுநேரம் வடிவதும், ஈரக் காலுறைக்குள் அந்தப் புண் நாள் முழுவதும் உராய்வதும்தான் வேதனை.

வரைபடம் ஏமாற்றுவதை நான் அதற்கும் மேலான இடராகக் கருதுகிறேன். 1:50,000 அளவுள்ள நில அளவை வரைபடத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயர இடைவெளியில் வரையப்பட்டிருப்பதால், 15 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு இடையே அடையாளமே இல்லாமல் ஒளிந்திருக்கக்கூடும். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பிப் போனவர்கள், வழுக்குப் பாறையில் அருவியின் தலைப்பில் போய் நிற்பது இப்படித்தான். அடர்ந்த இலைக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் காட்டும் இடமும் பல நேரங்களில் விலகிவிடுகிறது.

மலைமுகட்டை ஒட்டிச் செல்லும் யானைத்தடம் கிடைத்தால் உடல் தானாகவே அதன் பக்கம் சாய்கிறது. ஆனால் இருபுறமும் ஈத்தை அடைத்த தடத்தில் யானை எதிர்ப்பட்டால் ஒதுங்க இடம் கிடையாது. எங்களுடன் வந்த காணிப் பழங்குடிப் பெரியவர் அப்படிப்பட்ட தடத்தில் கால் வைக்கும் முன் நின்று, காற்று வரும் திசையைப் பார்த்து, மூக்கால் இழுத்து முகர்வார். பச்சைச் சாணத்தின் வாடை வந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவார். நாங்களும் மறுபடி பிரம்புக்குள் நுழைவோம்.

போகும் வழியெல்லாம் அவர் இடுப்பளவில் சிறு கொப்புகளை மடக்கிவிட்டுக்கொண்டே வந்ததை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனபோது, மடங்கிய கொப்புகளில் இலைகளின் வெளிறிய அடிப்பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கொப்பைக் கையால் தொட்ட பிறகே அடுத்ததைத் தேடுவது என்று மெல்ல மெல்ல நகர்ந்து, இருட்டுவதற்குச் சற்று முன் முகாமின் அடுப்புப் புகையை முகர்ந்தோம்.