குன்றை அளந்த கணக்கு, ஓடை மணலைப் படித்த கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு குன்று. அதற்குள் இரும்புத் தாது இருக்கிறது என்று தெரிகிறது. எவ்வளவு இருக்கிறது? அது தெரியாமல் சுரங்கம் வெட்ட முடியாது, உருக்காலை கட்ட முடியாது, ரயில் பாதை போட முடியாது. 1953இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கிய சீனாவில், நிலவியலாளர்கள் நாள்தோறும் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி இது. இன்று நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்வியின் வழியாகக் கணிதமும் கணினியும் சீன நிலவியலுக்குள் நுழைந்த கதையைப் பற்றி.

கல்லூரியில் நிலவியல் படித்தபோது நானும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். சமஉயரக் கோடுகள் வரைந்த படத்தின் மேல் கட்டம் போட்ட மெல்லிய தாளை வைப்போம். ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் பரப்பைக் கூட்டி, பாதியாக்கி, இடைப்பட்ட உயரத்தால் பெருக்கினால் கன அளவு. சுலபமான வழிதான். ஆனால் கூம்பு போல நேராகச் சரியும் ஒரு குன்றின் உச்சியில் இதைச் செய்து பாருங்கள். கூம்பின் கன அளவு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கியதில் மூன்றில் ஒரு பங்கு. நம் கணக்கோ இரண்டில் ஒரு பங்கு என்று சொல்லும். அதாவது ஒன்றரை மடங்கு. மண்ணில் இல்லாத தாதுவை ஏட்டில் எழுதிவிட்டோம்.

இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் ஹுவா லுவோகெங். 1910இல் ஜியாங்சு மாகாணத்தின் ஜின்டான் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடர வசதியில்லாமல் அப்பாவின் சிறிய கடையில் உட்கார்ந்து, தானாகவே கணிதம் கற்றவர். காய்ச்சலில் ஒரு கால் ஊனமாயிற்று. பிறகு 1936இல் கேம்பிரிட்ஜ் போனார். எண் கோட்பாட்டில் அவர் கையாண்ட ‘வட்ட முறை’ என்ற உத்தியின் வேர், நம் ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்ட ஒருவர், தன் மாணவர் வாங் யுவானோடு சேர்ந்து, சமஉயரக் கோட்டுப் படத்திலிருந்து தாது இருப்பைக் கணக்கிடுவது பற்றி 1961இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். களத்தில் அப்போது மூன்று முறைகள் இருந்தன. ஒன்று, நான் சொன்ன பாதிக் கணக்கு. இரண்டாவது, குன்றின் ஒவ்வொரு அடுக்கையும் தலை வெட்டிய கூம்பாக எடுத்துக்கொள்வது. மூன்றாவது, பௌமன் முறை. கோடு சூழ்ந்த பரப்போடு நிற்காமல், கோட்டின் வடிவத்தையும் அது கணக்கில் சேர்க்கும். ஒரே படத்தில் மூன்றையும் போட்டால் பௌமன் முறையின் விடை மற்ற இரண்டையும் தாண்டாது, கூம்பு முறை நடுவில் நிற்கும், பாதிக் கணக்கு அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. இதை அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். எந்த இடத்தில் விடைகள் ஒன்றாகும் என்பதையும் சொன்னார்கள். எந்த முறையை நம்பலாம் என்று அதுவரை அனுபவத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நிரூபணம் கிடைத்தது. எனக்கு இந்தக் கட்டுரை மேல் தனிப் பிரியம் உண்டு. இதற்குக் கணினியே வேண்டாம், தாளும் பென்சிலும் போதும்.

கணினிக்கும் வழி போட்டவர்களில் ஹுவா ஒருவர். 1950களின் தொடக்கத்திலேயே தன் கணித நிறுவனத்தில் அதற்கென ஒரு சிறு குழுவை அமைத்தார். சோவியத் வரைபடங்களைப் பின்பற்றி 1958இல் உருவான சீனாவின் முதல் கணினிக்கு 103 என்று பெயர். தொடக்கத்தில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 30 கணக்குகள். மறுவருடம் வந்த 104, வினாடிக்குப் பத்தாயிரத்தை எட்டியது.

அதே 1958இல் மாஸ்கோவில் ஆய்வுப் பட்டம் முடித்துவிட்டு பெய்ஜிங் நிலவியல் கல்லூரிக்குத் திரும்பினார் ஜாவ் பெங்டா. கனிமத் தேடலில் புள்ளியியலைப் புகுத்துவதையே அவர் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அவர் வளர்த்த முறையை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு வட்டாரத்தின் வரைபடத்தைச் சம கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில கேள்விகள் கேளுங்கள். பிளவுக்கோடு போகிறதா? இன்ன பாறை இருக்கிறதா? காந்த அளவீடு வழக்கத்துக்கு மாறாக ஏறுகிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. தாது இருப்பது ஏற்கெனவே தெரிந்த கட்டங்களில் எந்த விடைகள் சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். அந்தச் சேர்க்கை வேறு எந்தக் கட்டத்தில் தெரிகிறதோ அங்கே துளை போடுங்கள்.

இரண்டு மூன்று கேள்வி என்றால் கையால் போட்டுவிடலாம். இருபது கேள்வி, சில நூறு கட்டம் என்று ஆனால் மணிச்சட்டத்தால் ஆகிற வேலை இல்லை. நான்ஜிங்குக்கும் வூஹுவுக்கும் இடைப்பட்ட இரும்புத் தாது வட்டாரத்தில் 1970களின் பிற்பகுதியில் ஜாவ் இந்த வழியில் வேலை செய்தார். ‘இங்கே இருக்கலாம்’ என்று அனுபவசாலி சொல்வது ஒரு விதம். இந்தக் கட்டத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு விதம். இரண்டாவதில் தவறு செய்தால் எந்த இடத்தில் தவறினோம் என்று கண்டுபிடிக்கலாம். அவருடைய பெரிய பங்களிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒரு கடினமான காலம். 1968 ஆகஸ்டில் பிராக் நகரில், சோவியத் டாங்குகள் தெருவில் நின்றுகொண்டிருந்தபோதே, கணித நிலவியலுக்கான பன்னாட்டுச் சங்கம் பிறந்தது. அப்போது சீனாவில் கலாசாரப் புரட்சி. பல்கலைக்கழக வகுப்புகள் நின்றுபோயிருந்தன. பெய்ஜிங் நிலவியல் கல்லூரி தலைநகரை விட்டே கிளம்பி, ஹூபே மாகாணத்துக்குப் போய், கடைசியில் 1975இல் வுஹானில் நிலைகொண்டது.

அந்த ஆண்டுகளில்தான், வியப்பாக இருக்கும், ஒரு பெரிய கணினி உருவானது. எண்ணெய் தேடுபவர்களின் தேவை அதைக் கொண்டுவந்தது. தரையில் வெடி வைத்தால் அதிர்வு கீழே போய், பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலித்து மேலே வரும். வரிசையாகப் பதித்த கருவிகள் அதைப் பதிவு செய்யும். ஒரு பதிவை மட்டும் பார்த்தால் வெறும் இரைச்சல்தான். பல வெடிகளின் பதிவுகளை நேரம் திருத்தி ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும், எதிரொலி தெளியும். கூட்டல்தான். ஆனால் கோடிக்கணக்கான கூட்டல்.

அதற்காகப் பெய்ஜிங் பல்கலைக்கழகமும் ஒரு தொழிற்சாலையும் எண்ணெய்த் துறையும் சேர்ந்து 1969இல் தொடங்கி, 1973இல் முடித்த கணினி 150. வினாடிக்குப் பத்து லட்சம் கணக்குகள். சீனாவில் அந்த வேகத்தை எட்டிய முதல் இயந்திரம் அது. ஒரே நேரத்தில் பல வேலைகளை அது பார்ப்பதற்கான இயக்க மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யாங் ஃபூச்சிங் என்ற பெண்மணி. வினாடிக்கு முப்பதிலிருந்து பத்து லட்சத்துக்கு வரப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

அப்புறம் ஓடை மணல். 1970களின் கடைசியில் ஸியே ஷுவேஜின் தலைமையில் நாடு தழுவிய புவிவேதியியல் அளவை தொடங்கியது. மழை மலையை அரித்துக் கொண்டுவருவதை ஓடை வண்டல் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே ஓடையில் ஒரு கைப்பிடி எடுத்தால், மேலே உள்ள மலை முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த மாதிரி. மலைநாட்டில் சதுர கிலோமீட்டருக்கு ஒரு வண்டல் மாதிரி என்ற அளவில் நடந்தே போய் அள்ளினார்கள். நான்கு சதுர கிலோமீட்டருக்கு உரியதைக் கலந்து ஒரு பகுப்பாய்வு. அதில் 39 தனிமங்களும் சேர்மங்களும் அளக்கப்பட்டன. தங்கத்தை நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே அளக்க வேண்டியிருந்தது, அதற்கான முறைகளையும் அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். காலப்போக்கில் இந்த அளவை 60 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியது. பல தங்கப் படிவுகள் இதன் வழியே தெரியவந்தன.

சரி, இத்தனை எண்களில் எது இயல்பு, எது தாதுவின் அடையாளம்? எல்லைக்கோட்டை எங்கே போடுவது? சீனாவில் படித்து, பிறகு கனடாவுக்குப் போன செங் ச்சியூமிங் 1994இல் சக ஆய்வாளர்களோடு ஒரு வழி சொன்னார். இன்ன அளவுக்கு மேல் செறிவுள்ள நிலத்தின் பரப்பு எவ்வளவு என்று, அளவை ஏற்றிக்கொண்டே போய், 1, 10, 100 என்ற பத்து மடங்குகள் சம இடைவெளியில் வரும் மடக்கைத் தாளில் குறியுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சரிவு மாறி வேறு கோடாகும். அந்த முறிவில்தான் சாதாரண மண் முடிந்து, தாது தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது. கணித நிலவியலின் கிரம்பைன் பதக்கம் 1992இல் ஜாவுக்கும், 2008இல் செங்குக்கும் கிடைத்தது.

யுன்னான் மாகாணத்தில் கெஜியு என்று ஓர் ஊர். ஈயமல்ல, வெள்ளீயம் எடுக்கும் ஊர், நூற்றாண்டுகளாக. செறிவு திடீரென்று குவியும் இடங்களைக் கண்டறிய செங் வகுத்த பிந்தைய முறையின் சோதனைக்கு அந்த வட்டாரத்தின் ஓடை வண்டல் எண்களைத்தான் எடுத்தார். 2007இல் வெளியான அந்த வரைபடத்தில், தெரிந்த சுரங்கங்களின் மேல் நிறம் அடர்ந்திருக்கிறது. அவற்றுக்கு அப்பாலும் சில திட்டுகள் அடர்ந்திருக்கின்றன, அப்போது சுரங்கம் எதுவும் தெரிந்திராத நிலத்தில்.

நன்றி நேயர்களே, வணக்கம்.