வீட்டைக் கட்டிப் பார்!
(சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எப்போது கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத டத்தோ அவர்களே, தோட்ட நிர்வாகி அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் பிரிவினரே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்றேன், போர்த்திவிட்டீர்கள். இந்தப் புழுக்கத்தில் அது வேறு!

பூமி ஏன் ஆடுகிறது, வீடு ஏன் விழுகிறது, கடல் ஏன் பொங்குகிறது என்று மூன்றையும் பேசுகிறேன். பூமியின் மேலோடு பல தட்டுகள். ஒன்றையொன்று நெருக்கிச் சிக்கிக்கிடப்பவை திடீரென வழுக்கினால் நடுக்கம். காரணம் அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பினாங்கில் மகளின் அடுக்குமாடி வீட்டில் என் பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். பழைய கங்காணி, அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை. தலை சுற்றியதும், “மாத்திரையை மாத்திக் கொடுத்திட்டியா?” என்று பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா மேலே கையைக் காட்டினார்: “சாமி விளக்கும் ஆடுதே, அதுக்கும் மாத்திக் கொடுத்திட்டேனா?” பெரியப்பா வாயடைத்துப்போனது அன்று ஒருநாள்தான்! சுமத்ரா அருகே 9.1 அளவு நடுக்கம். மதியத்துக்கு மேல் அலை வந்து, நமக்குப் பக்கத்துக் கோத்தா கோலா மூடாவையும் அடித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். 2010 ஜனவரியில் ஹைத்தியில் 7.0. பிப்ரவரியில் சிலியில் 8.8, வெளியான ஆற்றல் ஏறக்குறைய 500 மடங்கு. ஆனால் ஹைத்தியில் செத்தவர்கள் லட்சத்துக்கும் மேல், சிலியில் சுமார் 525 பேர். ஹைத்தியில் தலைநகருக்கு அருகிலேயே, ஆழமில்லாத இடத்தில் வழுக்கியது உண்மைதான். ஆனால் கம்பி குறைந்த கான்கிரீட் அப்படியே அமுங்கியதை என்ன சொல்ல? சிலி 1960இல் 9.5ஐப் பார்த்த நாடு, கட்டட விதியை இறுக்கிப் பிடித்திருந்தது. வீட்டைக் கட்டிப் பார் என்றால் இப்படிக் கட்ட வேண்டும்.

நமக்கு நடுக்கம் வராது என்கிறீர்களா? 2015இல் நம் சபா மாநிலத்து ரானாவில் 6.0, கினபாலு மலையில் 18 பேர் போனார்கள். சரி, இங்கே வர வேண்டாம். நம் தமிழ்ப்பள்ளியின் பழைய கட்டடத்துக்கு நடுக்கமே தேவையில்லை, லாரி போனாலே போதும்! உத்திரத்தைக் கறையான் அரித்துவிட்டது. மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. டத்தோ அவர்களே, நீங்களும் அந்த உத்திரத்தின் கீழ் படித்தவர்தானே? வீட்டைக் கட்டிப் பார் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் கிளம்பிவிட்டது.

கடலைப் பற்றி… தலைவர் மணியடிக்கிறார். பள்ளிக் கட்டடத்துக்கான மனுத்தாள் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், போன கூட்டத்தில் இரண்டு காணோம்.