கேப்டன் கூல் கோட்டைத் தாண்டிய நாள்

உடற்கல்வி ஆசிரியர்கள் நிறைந்த அவை இது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். "அவன் கோபக்காரன் சார்", "இவள் பயந்த சுபாவம்" என்று பிள்ளைகளை ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் சரி? நிதானத்துக்காக 'கேப்டன் கூல்' என்று பெயரெடுத்த தோனியை வைத்தே பார்ப்போம். சென்னையில் மேடையேறிவிட்டு அவரை விட முடியுமா!

2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். ராஜஸ்தானோடு ஐபிஎல் ஆட்டம். கடைசி ஓவரில் சென்னைக்கு 18 ரன் வேண்டும். ராஜஸ்தானின் ஸ்டோக்ஸ் பந்து வீசுகிறார். மூன்றாவது பந்தில் தோனி போல்டு. 58 ரன் அடித்துவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த பந்து சான்ட்னருக்கு உயரமான ஃபுல்டாஸ். ஒரு நடுவர் நோ-பால் என்று கை காட்டினார். லெக் பக்கம் நின்ற நடுவர் இல்லையென்றார். ஜடேஜா வாதாடிக்கொண்டிருக்கும்போதே, கேப்டன் கூல் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நடுவர்களோடு மல்லுக்கு நின்றார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம்.

அப்படியென்றால் அந்த நிதானம் வேஷமா? நான் அப்படி நினைக்கவில்லை. களத்துக்குள் இருந்தால் ஃபீல்டை மாற்றலாம், பவுலரை மாற்றலாம், பிடி அவர் கையில். அன்று கண்ணெதிரே ஒரு முடிவு மாறுகிறது, அவரோ வெளியே. பிடி போன இடத்தில்தான் நிதானமும் போனது என்பது என் கணிப்பு. அதே இடத்தில் இன்னொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஆக, சூழ்நிலையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஆளும் சூழலும் சேர்ந்துதான் நடத்தை என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936இலேயே ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார்.

டென்னிஸ் வீரர் மெக்கன்ரோ கதை இன்னும் சுவாரசியம். 1980 விம்பிள்டன் அரையிறுதியில் கானர்ஸோடு ஒரே ரகளை. இறுதியாட்டத்துக்கு அவர் நுழைந்தபோது கூட்டம் கூச்சலிட்டது. எதிரே போர்க். நான்காவது செட்டின் சமநிலையை முடிக்கும் டைபிரேக் 18-16 வரை இழுத்தது, அப்புறம் ஐந்தாவது செட்டில் தோல்வி. வெடிக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் ரகளை இல்லை. போர்க் மீதிருந்த மரியாதைதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். மறுவருடம் முதல் சுற்றிலேயே, பந்து கோட்டில் பட்டு சுண்ணாம்புத் தூள் பறந்ததே, அது எப்படி அவுட் என்று நடுவரிடம் கத்தியதும் இதே மனிதர்தான்.

அதனால் உங்கள் நோட்டில் 'கோபக்காரன்' என்று எழுதாமல், எதிரே யார், ஸ்கோர் என்ன, பையன் உள்ளே இருந்தானா வெளியே இருந்தானா என்று குறித்துவையுங்கள். கபடியில் அவுட்டாகி வெளியே உட்காரும்போது மட்டும்தான் கத்துகிறான் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் ஸ்கோர் ஷீட்டை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.