கற்பூரம் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? சோப்பு ஏன் நின்னுடுது?

வணக்கம் மக்களே. கேமராவ ட்ரேக்கு நேர் மேல மாட்டியிருக்கேன், தண்ணியோட மேல்பரப்பு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். மிளகுத்தூள் தூவியாச்சு. பல்குச்சி முனையில பாத்திரம் கழுவுற லிக்விட் தொட்டு, நடுவுல வெக்கிறேன்... அவ்வளவுதான், தூள் மொத்தமும் ஓரத்துக்கு ஓடிடுச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை. இப்ப அதே இடத்துல திரும்பவும் வெக்கிறேன். அசையல பாத்தீங்களா? இன்னைக்கு வீடியோவே இந்த ரெண்டாவது தடவைய பத்திதான்.

தண்ணியோட மேல்பரப்பு இறுக்கின தோல் மாதிரி தன்னையே இழுத்துப் பிடிச்சிருக்கும், அந்த இழுப்புதான் பரப்பு இழுவிசை. சுத்தமான தண்ணிக்கு அது மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சோப்பு பட்ட இடத்துல அது 30 பக்கத்துல இறங்கிடும். சோப்பு தூள தள்ளுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல. வெளிய இருக்கற 72 இழுக்குது, நடுவுல இருக்கற 30-ஆல தாக்குப்பிடிக்க முடியல. மேல்தோல் வெளிய ஓடுது, தூள் அது கூடவே போகுது. மாரங்கோனி ஓட்டம்னு சொல்றது இதைத்தான். கார்லோ மாரங்கோனிங்கற இத்தாலிக்காரர் 1865-ல இத பத்தி எழுதினார். சோப்பு ட்ரே முழுக்க பரவினதும் எல்லா இடமும் ஒரே இழுவிசை. அப்புறம் யார் யாரை இழுக்கறது?

அப்போ வித்தியாசம் தீராம இருக்கணும்னா, மேல்பரப்புல போய் சேர்ற பொருள் அங்கிருந்து கிளம்பியும் போகணும். அதுக்கு நம்ம பூஜை சாமான் கடையிலயே ஆள் இருக்கு. கற்பூரம். தண்ணியில கொஞ்சூண்டுதான் கரையும், லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம். மேல பரவினது காத்துல ஆவியா போயிடும். துண்டுகிட்ட பரவிக்கிட்டே இருக்கு, சுத்தி எல்லாம் காலியாகிக்கிட்டே இருக்கு. ஓட்டமும் நிக்காது.

கற்பூரத்தால ஓடற ஒரு குட்டிப் படகு செஞ்சு பாக்கலாம். சோப்பு போக கழுவின ட்ரே, 30-க்கு 20 சென்டிமீட்டர், புதுத் தண்ணி விளிம்பு வரைக்கும், மேல திரும்பவும் மிளகுத்தூள். படகுக்கு பழைய ஓஹெச்பி ஷீட் (ப்ரொஜெக்டர்ல வெக்கிற மெல்லிசான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்), 3 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம், முன்பக்கம் கூர். பின்பக்கம் நடுவுல 5 மி.மீ. பிளவு. அந்தப் பிளவுல 3 மி.மீ. கற்பூரத் துண்டு செருகணும், அடிப்பக்கம் தண்ணிய தொட்டே ஆகணும். ஷீட் மேல ஒட்டி வெச்சா ஒண்ணும் நடக்காது. கையால தொடாதீங்க, இடுக்கிதான்.

எவ்வளவு தள்ளுதுன்னு ஒரு கணக்கு. படகுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் இழுவிசை மீட்டருக்கு 10 மில்லிநியூட்டன் வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு விசை 0.15 மில்லிநியூட்டன், அதாவது 15 மில்லிகிராம் எடை. ஒரு அரிசி மணியோட கனம்கூட இல்ல. அதனாலதான் கெட்டி அட்டையில செஞ்ச படகு சோம்பேறியா கிடக்குது. அட்டை ஊறிட்டா இன்னும் மோசம்.

கற்பூரம் வாங்கும்போது பாருங்க, மலிவான வில்லையில மெழுகு மாதிரி ஏதாவது கலந்திருக்கும். நல்லது எரிஞ்சா தடமே இருக்காது. அந்தச் சோதனைய வேற ரூம்ல செய்யுங்க, ட்ரே பக்கத்துல நெருப்பு வேணாம்.

சரி, விட்டாச்சு. க்ளோசப்ல பாருங்க: துண்டச் சுத்தி மிளகுத்தூள் இல்லாத ஒரு தெளிவான வட்டம். படகு நகர்ந்ததும் அது வால் மாதிரி நீளுது, ரெண்டு பக்கமும் தூள் சுழிச்சு உள்ள திரும்புது. மேல்தோல் வெளிய போன இடத்த நிரப்ப கீழ இருந்து தண்ணி ஏறுது, அதான் இந்தச் சுழி.

"எனக்கு ஓடவே இல்ல"ன்னு கமென்ட் போடறவங்களுக்கு, பத்துக்கு ஒன்பது தடவை காரணம் எண்ணெய். அது பரவினா சோப்பு மாதிரியே எல்லா இடத்துலயும் இழுவிசைய முன்னாடியே இறக்கிடும். போர் தண்ணி, உப்புத் தண்ணி, ஆர்ஓ எதுவா இருந்தாலும் பரவாயில்ல, உப்பு இதுல பெருசா ஒண்ணும் பண்ணாது. விரல்ல இருக்கற பிசுக்கு, ட்ரேல தங்கின சோப்பு, ராத்திரி முழுக்க திறந்து வெச்ச வாளித் தண்ணி, இதுங்கதான் வில்லன். எவ்வளவு எண்ணெய் போதும்னு 1890-லயே ராலே பிரபுங்கற இங்கிலாந்து இயற்பியலாளர் அளந்து வெச்சிருக்கார். 84 செ.மீ. விட்டம் உள்ள குளியல் தொட்டி, அதுல கற்பூரம், மேல ஆலிவ் எண்ணெய். வெறும் 0.8 மில்லிகிராம் எண்ணெய்ல ஆட்டம் நின்னுடுச்சு. படலத்தோட கனம் 1.6 நானோமீட்டர்னு வந்துச்சு. பூஜை சாமான வெச்சு மூலக்கூறு அளவுக்கு இறங்கிட்டார் மனுஷன்! நம்ம ட்ரேக்கு அதே கணக்கு போட்டா 0.1 மில்லிகிராம்கூட வேணாம். தேங்கா எண்ணெய் தொட்ட பல்குச்சி, ஓரத்துல ஒரு தொடல்... நின்னுடுச்சு.

தண்ணிய கொட்டிடாதீங்க, அதே தண்ணியில உயிர் குடுக்கலாம். ட்ரே அகலத்த விட நீளமான பிளாஸ்டிக் ஸ்கேல நல்லா கழுவி, ஒரு ஓரத்துல ரெண்டு விளிம்பு மேலயும் பட்ட மாதிரி வெச்சு, தண்ணிய தொட்டுக்கிட்டே மெதுவா எதிர் ஓரம் வரைக்கும் இழுங்க. எண்ணெய் படலம் ஸ்கேலுக்கு முன்னாடி ஒதுங்கும், பின்னாடி புது மேல்பரப்பு. அங்க விடறேன், ஓடுது பாருங்க. தண்ணி விளிம்பு வரைக்கும் இருக்கணும்னு சொன்னது இதுக்குத்தான், கொறஞ்சா ஸ்கேல் தண்ணிய தொடாது.

இந்த யோசனை ஆக்னஸ் போக்கல்ஸோடது. ஜெர்மனியில வீட்டு வேலைகளப் பாத்துக்கிட்டே, காலேஜ் படிப்பு இல்லாம, 70 செ.மீ. நீளத்துல ஒரு தகரத் தொட்டி, குறுக்க ஒரு தகரப் பட்டை வெச்சு அளந்தாங்க. 1891-ல ராலேக்கு கடிதம் எழுதினாங்க, அவர் அத நேச்சர்ங்கற அறிவியல் இதழுக்கு அனுப்பி அச்சேத்தினார். என்னைக் கேட்டா ராலே அளவ விட இந்தப் பட்டைதான் பெரிய விஷயம். படலத்த நெருக்கலாம், தளர்த்தலாம், அதோட இழுவிசைய கூடவே அளக்கலாம்.

படகு மெதுவாயிட்டே வருதா? கற்பூரம் தண்ணியில சேர்ந்துடுச்சு, இல்லன்னா ஆவி வெளிய போக வழியில்ல. ட்ரே மேல கண்ணாடி மூடி வெச்சா வேகம் குறையறத பாக்கலாம். மூடிய எடுத்து, கொஞ்சம் தண்ணி மாத்துங்க.

ரெண்டு மூணு படகு விட்டா ஒண்ணு இன்னொண்ணோட வாலுக்குள்ள நுழையாது. அங்க இழுவிசை ஏற்கனவே கம்மி, முன்னாடி இருந்து இழுக்க ஆள் இல்ல, பின்னாடி வர்றது வேகம் குறைக்கும். வட்டமான கால்வாயில நிறைய படகு விட்டா நம்ம ரோடு மாதிரியே டிராஃபிக் ஜாம் வரும், ஜப்பான்ல இத ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க.

கற்பூரம் வயித்துக்குள்ள போனா குழந்தைங்களுக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். துண்டுகள எண்ணி எடுத்து டப்பாவுல போட்டு மூடுங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்த ட்ரேய திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க. அடுத்த வீடியோல டிக் (TIG) வெல்டிங், அதாவது மின்பொறியால உலோகத்த உருக்கி ஒட்டற முறை, இரும்புல இருக்கற துளி கந்தகம் உருகின குழம்போட ஓட்டத்தையே எப்படித் திருப்பிடுதுன்னு பாக்கலாம்.